மொட்டை போட்டு வந்த பையன்கிட்ட "வீட்ல யாரு போயிட்டாங்க"ன்னு கேட்ட டீச்சர் – மும்பை ஸ்கூல்ல நம்ம புள்ளைங்க

முலுண்ட்_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, இன்னைக்கு மனசு ஆறல, அதான் எழுதுறேன். பையன் மூணாவது படிக்கிறான், இங்கிலீஷ் மீடியம், ஸ்டேட் போர்டு. தீபாவளி லீவுக்கு ஊருக்கு போனோம், திருச்செந்தூர்ல சஷ்டி பாத்துட்டு அவனுக்கு வேண்டுதல் மொட்டை போட்டு வந்தோம். ஸ்கூல் திறந்த அன்னைக்கு தொப்பி மாட்டி அனுப்புனேன். கிளாஸ் டீச்சர் தொப்பிய கழட்ட சொல்லிட்டு எல்லா புள்ளைங்க முன்னாடியும் "வீட்ல யாரு போயிட்டாங்க, அப்பாவா?"ன்னு மராத்தில கேட்டிருக்காங்க. இவனுக்கு மராத்தி நல்லாவே புரியும். யாரும் போகல, சாமிக்கு போட்டதுன்னு சொல்லிருக்கான், கிளாஸே சிரிச்சிருக்கு. அப்புறம் முடி வளர்ற வரைக்கும் பின் பெஞ்ச்ல உக்காரு, எல்லாரும் உன்னையே பாக்குறாங்க பாடம் கவனிக்க மாட்டேங்குறாங்கன்னு அனுப்பிட்டாங்க.

சாயந்தரம் வீட்டுக்குள்ள வந்ததும் பையைக் கூட வைக்கல, "அப்பா ஆபீஸ்ல இருந்து வந்துட்டாரா, போன் பண்ணு"ன்னு நின்னான். பண்ணி குடுத்தேன், குரலை கேட்ட பிறகுதான் ஷூவ கழட்டுனான்.

அந்த டீச்சர் கெட்டவங்க இல்ல, போன வருஷம் இவனுக்கு டெங்கு வந்தப்ப நோட்ஸ் எல்லாம் போட்டோ எடுத்து அனுப்புனவங்க. அதனாலதான் எப்படி பேசுறதுன்னே தெரியல. யாருக்காவது இந்த மாதிரி நடந்திருக்கா?

சயான்_கோலிவாடா:

அக்கா படிக்கவே கஷ்டமா இருக்கு. ஒரு விஷயம் மட்டும் சொல்றேன், மராத்தி வீடுகள்ல கைக்குழந்தைக்கு ஜாவள்னு முதல் முடி எடுப்பாங்க, அதுக்கப்புறம் பையன் மொட்டையோட வந்தா அப்பாவோ அம்மாவோ தவறிட்டாங்கன்னுதான் அக்கம்பக்கத்துல முதல்ல நினைப்பாங்க. டீச்சருக்கு பதறிருக்கும், அதுல தப்பில்ல. தனியா கூப்பிட்டு கேட்டிருந்தா அது அக்கறை. நாப்பது புள்ளைங்க முன்னாடி கேட்டு, அதுக்கு மேல பின் பெஞ்சுக்கு அனுப்புனதுதான் தப்பு. பேசும்போது இந்த ரெண்டையும் பிரிச்சு பேசுங்க, அவங்க பதட்டம் புரியுதுன்னு முதல்ல சொல்லிட்டு பெஞ்ச் விஷயத்துக்கு வாங்க.

தானே_பெரியவர்:

அம்மாடி, நான் சொல்றது கொஞ்சம் கசக்கும். 1966க்கு அப்புறம் சிவசேனா மதராசிகளுக்கு எதிரா கிளம்புன காலத்துல நான் இங்க பள்ளிக்கூடம் போனவன். ரோட்ல தமிழ் பேசாதேன்னு எங்கப்பா வாயை பொத்துவார், நெத்தில விபூதி வச்சா கேட் வரைக்கும் போறதுக்குள்ள எங்கம்மாவே அழிச்சு விடுவா. டீச்சர் என்னை பேர் சொல்லி கூப்பிட்டதே கிடையாது, "ஏ மதராசி"தான். அப்படித்தான் படிச்சோம், மராத்தி கத்துக்கிட்டோம், வேலைக்கு போனோம், இன்னைக்கு என் மருமகளே மராத்தி பொண்ணு. ஊரோட ஒத்து வாழ்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க. புள்ளைங்களை ரொம்ப பொத்தி வளர்த்தா நாளைக்கு தாங்க மாட்டாங்க.

தாராவி_90அடி:

ஐயா நீங்க தாங்குனீங்க, மதிக்கிறேன். ஆனா உங்க கூட படிச்சு பாதில நின்னுபோனவங்க எத்தனை பேரு, அவங்க இங்க வந்து எழுத மாட்டாங்கல்ல. எங்க லைன்ல பாத்தா ஒவ்வொரு வீட்லயும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ நாலாவது அஞ்சாவதுலயே நின்னுருப்பாங்க, ஏன்னு கேட்டா "வாத்தியாரு பேசுறது புரியல, நான் பேசுனா சிரிச்சாங்க"ன்னு ஒரே பதில். ஊரோட ஒத்து வாழணும்னா புள்ளைக்கு முதல்ல ஊரு என்ன சொல்லுதுன்னு புரிய வைக்கணும், அதுக்குத்தானே டீச்சர் இருக்காங்க.

கணக்கு_டீச்சர்:

நான் கல்யாண் பக்கம் ஒரு மராத்தி மீடியம் ஸ்கூல்ல வேலை பாக்குறேன், பிறந்தது தூத்துக்குடி, வளர்ந்தது இங்க. டீச்சர் பக்கத்துல இருந்து சொல்லணும்னு தோணுது, திட்டுறவங்க முழுசா படிச்சிட்டு திட்டுங்க.

எங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்கவே இல்லைன்னு சொல்ல முடியாது. சிடெட்னு டீச்சர் தகுதித் தேர்வு இருக்குல்ல, அந்த சிலபஸ்லயே மொழி, சாதி, மதம், சமூகம்னு புள்ளைங்களுக்குள்ள இருக்குற வித்தியாசத்தை புரிஞ்சுக்கிறது ஒரு தலைப்பு. பல மொழி பேசுற கிளாஸ்ல பாடம் நடத்துறதுன்னு இன்னொரு தலைப்பு. படிச்சு பாஸ் ஆயிடுறோம், நூத்துக்கு அறுபது எடுத்தா போதும். ஆனா கிளாசுக்குள்ள போனதும் சிலபஸ் முடிக்கணும், ஆன்லைன்ல டேட்டா ஏத்தணும், தேர்தல் வேலை, சர்வே வேலை. ஆர்டிஇ, அதாவது கல்வி உரிமைச் சட்டப்படி பிரைமரில முப்பது புள்ளைக்கு ஒரு டீச்சர், எங்க ஸ்கூல்ல அந்த கணக்கை நான் கண்ணால பாத்ததில்ல.

இன்னொன்னும் நடக்குது. அட்மிஷன் ஃபார்ம்ல தாய்மொழி, மதம், சாதி, சொந்த ஊர் எல்லாம் கேக்குறாங்க இல்லையா, அந்த ஃபார்ம் ஆபீஸ் பீரோல போய் உக்காந்துடும். கிளாஸ் டீச்சர் கைக்கு வர்றது பேரும் ரோல் நம்பரும் மட்டும்தான். எந்த புள்ளை வீட்ல என்ன பேசுதுன்னு எங்களுக்கே தெரியாது. நான் ஜூன் மாசம் முதல் வாரம் ஆபீஸ்ல உக்காந்து என் கிளாஸ் ஃபார்ம் பூரா புரட்டிருவேன், கிளார்க் முறைப்பாரு, பரவாயில்ல. அப்புறம் ஒவ்வொரு புள்ளைகிட்டயும் வீட்ல உன்னை என்னன்னு கூப்பிடுவாங்கன்னு கேட்டு ரிஜிஸ்டர்ல பென்சில்ல எழுதி வச்சுக்குவேன்.

கிங்சர்க்கிள்_வாசி:

டீச்சர் பேர் விஷயத்தை எடுத்ததுக்கு கோடி நன்றி, நான் எழுத நினைச்சதே அதுதான். இங்க போர்டு சர்டிபிகேட்ல சர்நேம் முதல்ல, அப்புறம் சொந்த பேரு, அப்புறம் அப்பா பேரு. நமக்கு சர்நேமே கிடையாது, இனிஷியல்தான். ஸ்கூல்ல கட்டத்தை காலியா விட முடியாதுன்னு அப்பா பேரையோ தாத்தா பேரையோ தூக்கி சர்நேம்ல போட்டுடுறாங்க. அப்புறம் மும்பைல டீச்சர்ங்க பாட்டீல், கதம், ஷிண்டேன்னு சர்நேம் சொல்லித்தான் அட்டெண்டன்ஸ் எடுப்பாங்க. என் பொண்ணை ரெண்டு வருஷமா என் அப்பா பேரை சொல்லி கூப்பிட்டுட்டு இருந்தாங்க. "சுப்பையா, ஸ்டாண்ட் அப்"னா எட்டு வயசு பொண்ணு எந்திரிக்கிறா. நம்ம ஊர்ல அப்பன் பேரை சொல்லி கூப்பிட்டா வம்புக்கு இழுக்குறதுன்னு அர்த்தம், எங்கம்மா இன்னைக்கு வரைக்கும் எங்கப்பா பேரை வாயால சொன்னதில்ல, பேத்தி கிளாஸ்ல அந்த பேரை வச்சு ராகம் போட்டு கிண்டல் பண்ணிட்டு இருக்காங்க. டீச்சருக்கு இது தெரிய வாய்ப்பே இல்ல, நாங்க போய் சொன்னதும் அடுத்த நாளே மாத்திட்டாங்க. ஆனா பொண்ணு எங்ககிட்ட சொல்லவே அவ்ளோ நாள் ஆச்சு, அதுதான் என்னை அறுக்குது. இங்கதான் பிறந்து வளர்ந்தவ, தன் பேரு தப்பா இருக்குன்னு அவளே நினைச்சிருக்கா.

சயான்_கோலிவாடா:

பேர் பிரச்சனை இருக்குறவங்க எல்லாரும் பத்தாவது ஃபார்ம் நிரப்புறதுக்கு முன்னாடியே ஸ்கூலோட ஜெனரல் ரிஜிஸ்டர்ல சரி பண்ணிடுங்க, ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே. போர்டு சர்டிபிகேட் வந்த பிறகு மாத்துறது பெரிய அலைச்சல். 2024 மே 1க்கு அப்புறம் பிறந்த குழந்தைங்களுக்கு மகாராஷ்டிரால அம்மா பேரும் சேர்த்து எழுதணும்னு வேற விதி வந்துருச்சு, அந்த குழந்தைங்க ஸ்கூலுக்கு வரும், அப்ப இனிஷியல்காரங்க பாடு என்னன்னு இப்பவே யோசிச்சு வைங்க.

செம்பூர்_இட்லி:

எங்க ஸ்கூல்ல ட்ரெடிஷனல் டே ரொம்ப கோலாகலமா நடக்கும். வருஷா வருஷம் என் பொண்ணுக்கு பட்டுப்பாவாடை, மல்லிப்பூ, "சவுத் இந்தியன்"னு ஒரு அட்டை. ஒரு தெலுங்கு பொண்ணும் ஒரு மலையாளி பையனும் அவ கூட அதே அட்டைக்கு கீழ. அன்னைக்கு பூ வச்சா டீச்சர் கன்னத்தை கிள்ளி போட்டோ எடுப்பாங்க, மறுநாள் அதே பூவோட போனா டைரில ரிமார்க், "ஸ்கூலுக்கு இதெல்லாம் வேண்டாம்". யூனிஃபார்ம் ரூல் இருக்கட்டும், ஏத்துக்கிறேன், எல்லாருக்கும் ஒரே ரூல்னா சரி. ஆனா ஒரு நாள் மேடைல ஏத்துறதுதான் கலாச்சாரத்தை மதிக்கிறதுன்னு ஸ்கூல் நினைச்சுக்கிட்டா மத்த நாள் எல்லாம் என்ன கணக்கு?

கணக்கு_டீச்சர்:

உண்மைதான் செம்பூர் சிஸ்டர். அந்த நாளுக்கு குடுக்குற நேரத்துல பாதிய பாடத்துக்குள்ள குடுத்தா புள்ளைங்க எங்கயோ போயிடுவாங்க. என் சப்ஜெக்ட்ல இருந்தே சொல்றேன். மராத்தில இருபத்தஞ்சுக்கு பஞ்சவீஸ். அஞ்சு முதல்ல, இருபது பின்னாடி. நம்ம தமிழ்ல இருபது முதல்ல அஞ்சு பின்னாடி. வீட்ல தமிழ்ல எண்ணி பழகுன புள்ளை பஞ்சவீஸ்னு காதுல விழுந்ததும் அஞ்சை முதல்ல எழுதிட்டு ரெண்டை பக்கத்துல போடும், 52 ஆயிடும். டீச்சர் சிவப்பு மைல சுழிச்சுட்டு "கணக்கு வரல"ன்னு எழுதிடுவாங்க. கணக்கு வரலன்னு யார் சொன்னா, கூட்டல் எல்லாம் சரியா இருக்கும், காதுல வாங்கி எழுதுறதுலதான் எண் திரும்பிக்கும். தெலுங்கு கன்னடம் வீட்டு புள்ளைங்களுக்கும் இதேதான், அங்கயும் பத்துதான் முதல்ல.

இது நம்ம பிரச்சனை மட்டும்னு நினைக்காதீங்க. 2019ல பாலபாரதி, அதாவது மாநில பாடநூல் நிறுவனத்தோட ரெண்டாம் வகுப்பு கணக்கு புஸ்தகத்துல வீஸ் பாச்னு, இருபது அஞ்சுங்கற மாதிரி, பிரிச்சு சொல்ற முறைய கொண்டு வந்தாங்க, மராத்தி புள்ளைங்களுக்கே பஞ்சவீஸ், பாவன்ன (52) எல்லாம் குழப்புதுன்னு. எங்க மொழிய கெடுக்காதீங்கன்னு பெரிய எதிர்ப்பு, சட்டசபை வரைக்கும் போச்சு. அந்த சண்டைல யார் சரின்னு நான் சொல்ல வரல, எனக்கும் பழைய முறையோட அழகு பிடிக்கும். என் கிளாஸ்ல ரெண்டையும் சொல்வேன். பஞ்சவீஸ்னு சொல்லிட்டு அதே மூச்சுல வீஸ் ஆணி பாச் (இருபதும் அஞ்சும்)னு சொல்வேன், கை விரலால இருபதை இடது பக்கமும் அஞ்சை வலது பக்கமும் காட்டுவேன், கொஞ்ச நாள்ல திருப்பி போடுறது நின்னுடும்.

எழுத்துலயும் இப்படித்தான். மராத்தில க வரிசைக்கு மட்டும் நாலு எழுத்து, நமக்கு ஒன்னு. ச, ட, த, ப எல்லாத்துக்கும் அதே கதை. தமிழ் புள்ளை டிக்டேஷன்ல தப்பான எழுத்தை போடுதுன்னா கவனக்குறைவு இல்ல, அந்த வித்தியாசம் அதுக்கு காதுல இன்னும் ஏறல. வாய் முன்னாடி ஒரு பேப்பரை பிடிச்சு சொல்ல வைப்பேன், மூச்சு அடிச்சு பேப்பர் ஆடுனா இந்த எழுத்து, ஆடலன்னா அந்த எழுத்து. விளையாட்டாவே புள்ளைங்க கத்துக்கும். ஆனா ள வரும்போது பாருங்க, ஹிந்தி வீட்டு புள்ளைங்க ல-ன்னு சொல்லி திணறும், நம்ம புள்ளை காளா, பாளின்னு அட்டகாசமா சொல்லும். அப்ப நான் அந்த தமிழ் புள்ளையத்தான் எந்திரிக்க வச்சு கிளாசுக்கு சொல்லிக் குடுக்க சொல்வேன். அன்னைக்கு வரைக்கும் வாயே திறக்காத ஒரு பையன் அதுக்கு அப்புறம் எல்லா பீரியட்லயும் கை தூக்க ஆரம்பிச்சான்.

முலுண்ட்_அம்மா:

டீச்சர், இதை நாலு தடவை படிச்சிட்டேன். என் பையனுக்கும் ஒன்னாவதுல 52, 25 குழப்பம் இருந்தது, நாங்க டியூஷன்ல போட்டோம்.

தானே_பெரியவர்:

கணக்கு டீச்சர் எழுதுனதை பேரனுக்கு படிச்சு காட்டுனேன். எங்க காலத்துல இதுக்கு பிரம்படிதான் விழும். அடி வாங்குன காரணம் இத்தனை வயசுக்கு அப்புறம் இப்பத்தான் தெரியுது.

தாராவி_90அடி:

இப்ப நான் சொல்லப்போறது சிலருக்கு பிடிக்காது, ஆனா சொல்லாம விட்டா இந்த பேச்சு முழுசாகாது. மராத்தி டீச்சர் நம்மளை புரிஞ்சுக்கலன்னு பேசுறோம், சரி. தமிழ் டீச்சர் புரிஞ்சுக்கிட்டாங்களா? நான் படிச்சது தமிழ் மீடியம். எங்க தாத்தா திருநெல்வேலி பக்கம் இருந்து தோல் பதனிடுற வேலைக்கு தாராவி வந்தவரு, எங்க தெருவுல பாதி பேரு அப்படி வந்தவங்கதான். எங்க பேச்சு நெல்லை பேச்சு, அதுல பம்பாய் ஹிந்தி கலந்திருக்கும். கிளாஸ்ல நான் "ஏல"ன்னு ஒரு தடவை சொன்னதுக்கு தமிழ் டீச்சர் "இது சேரி பாஷை, இங்க வேண்டாம், நல்ல தமிழ் பேசு"ன்னாங்க. நல்ல தமிழ்னா அவங்க வீட்டு தமிழ். டிபன்ல கருவாடு இருந்தா ஜன்னல் ஓரம் தனியா உக்காரணும். அந்த டீச்சரும் தமிழ்தான், நானும் தமிழ்தான். கலாச்சார வித்தியாசம்னா மொழி மட்டும்தான்னு நினைச்சா எங்களை மாதிரி ஆளுங்க கணக்குலயே வர மாட்டோம்.

கருவாடு நாத்தம்னு சொல்றவங்களுக்கு இன்னொன்னு. இந்த மும்பையோட பூர்வகுடி கோலி மக்கள், அவங்க பொம்பில் மீனை கயித்துல காய வச்சு சாப்பிடுறவங்க. அந்த கிளாஸ்ல ஒரு கோலி புள்ளை உக்காந்திருந்தா அவன் காதுலயும்தான் அது விழுந்திருக்கும், அவன் ஊர்லயே அவன் சாப்பாடு நாத்தம்.

கிங்சர்க்கிள்_வாசி:

தாராவி அண்ணே, நீங்க சொன்னதை மறுக்க முடியாது. மாட்டுங்கால தென்னிந்திய பள்ளிக்கூடங்கள் 1930கள்லயே வந்தாச்சு, தமிழ் புள்ளைங்க அந்நிய ஊர்ல தவிக்கக் கூடாதுன்னுதான் பெரியவங்க கட்டுனாங்க. அது எந்த தமிழ் புள்ளைக்கு சொந்த வீடு மாதிரி இருந்தது, எந்த புள்ளைக்கு இல்லைங்கறதை எங்க ஏரியால யாரும் வெளிப்படையா பேசி நான் கேட்டதில்ல. பேசணும்.

பவய்_ஐடி:

எல்லாம் சரி ப்ரோ, ஆனா ஒரு கிளாஸ்ல பத்து மொழி பத்து சாதி இருந்தா டீச்சர் எத்தனையதான் தெரிஞ்சு வச்சுக்க முடியும், என்சைக்ளோபீடியாவா அவங்க? நாளைக்கு எதை கேட்டாலும் புண்படுத்திட்டாங்கன்னு பேரன்ட்ஸ் கிளம்புனா டீச்சர்ங்க வாயை மூடிக்கிட்டு பாடத்தை மட்டும் நடத்திட்டு போயிடுவாங்க, அது இன்னும் மோசம்.

கணக்கு_டீச்சர்:

பவய் தம்பி, எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சுக்க முடியாது, எனக்கும் தெரியாது. என் கிளாஸ்ல போஜ்புரி பேசுறவங்க, லமாணி புள்ளைங்க, நேபாளி ஒரு பொண்ணு எல்லாம் இருக்காங்க. பதில் தெரியாட்டி முடிவு பண்ணாம இருக்கலாம்ல, அது முடியும். தலை குனிஞ்சு நிக்குற புள்ளை திமிர் பண்ணுதா பயப்படுதா இல்ல பெரியவங்க முன்னாடி அப்படி நிக்கணும்னு வீட்ல சொல்லிருக்காங்களான்னு கேட்டாத்தான் தெரியும். நம்ம புள்ளைங்க சரின்னு சொல்லும்போது தலையை ரெண்டு பக்கமும் ஆட்டுதுங்க, புதுசா வந்த வடக்கத்தி டீச்சர் அதை மாட்டேன்னு எடுத்துக்கிட்டு திட்டுனதை பாத்திருக்கேன், புள்ளை இன்னும் வேகமா ஆட்டுது, அவங்க இன்னும் வேகமா திட்டுறாங்க. நான் போய் சொன்னதும் அவங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கேக்குறதும் எல்லார் முன்னாடியும் கேக்க கூடாது, மதிய சாப்பாடு நேரத்துல பக்கத்துல உக்காந்து கேட்டா போதும்.

சயான்_கோலிவாடா:

பவய் ப்ரோ, சட்டமும் இருக்கு. ஆர்டிஇ 2009ல 17ஆவது பிரிவு அடிக்கிறது மட்டும் இல்ல, மனசை துன்புறுத்துறதும் கூடாதுன்னு சொல்லுது. 29ஆவது பிரிவுல முடிஞ்ச வரைக்கும் தாய்மொழில, பயமில்லாம படிக்கணும்னு இருக்கு. அரசியலமைப்புல 350ஏ, மொழி சிறுபான்மை புள்ளைங்களுக்கு ஆரம்ப கல்வி தாய்மொழில கிடைக்க வசதி பண்ணணும்னு. மும்பை மாநகராட்சி எட்டு மொழில ஸ்கூல் நடத்துறது சும்மா இல்ல, தமிழும் அதுல ஒன்னு. ஆனா அக்கா, எடுத்த உடனே சட்டத்தை தூக்கிட்டு போகாதீங்க. நீங்களே சொன்ன மாதிரி அவங்க நல்ல டீச்சர். ஸ்கூல் முடிஞ்சதும் தனியா ஒரு பத்து நிமிஷம் கேளுங்க, திருச்செந்தூர் போட்டோ இருந்தா கொண்டு போய் காட்டுங்க, பையனை பழைய இடத்துல உக்கார வைக்க சொல்லுங்க. அதுக்கும் மசியலன்னா பிரின்சிபல், அதுக்கு மேல மத்ததெல்லாம்.

முலுண்ட்_அம்மா:

நேத்து பேசிட்டேன். பெஞ்ச் மாத்திட்டாங்க. எல்லார் முன்னாடியும் கேட்டதை பத்தி சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க, அப்புறம் அவங்க மாமனார் போன மாசம்தான் தவறுனாருன்னும் வீட்ல மொட்டை தலைய பாத்து பாத்து அதே நினைப்புல இருந்ததாவும் சொன்னாங்க. எனக்கு அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியல. பையன் இன்னும் தொப்பியோடதான் போறான், கழட்ட சொல்லல.

வாஷி_டிரைவர்:

எல்லாருக்கும் வணக்கம், நான் இதுல புதுசு. என் வீட்டுக்காரம்மா மராத்தி, சீத்தா கேம்ப் பக்கம் பால்வாடில டீச்சரா இருக்கா. விழுப்புரம் பக்கம் இருந்து கட்டட வேலைக்கு வந்தவங்க புள்ளைங்க ரெண்டு இந்த மாசம் சேர்ந்திருக்கு, நாலு வயசு இருக்கும், ஒரு வார்த்தை மராத்தியோ ஹிந்தியோ தெரியாது. இவளுக்கு என்கூட இருந்து கொஞ்சம் தமிழ் காதுல விழும், ஆனா புள்ளைங்க பேசுறது பிடிபடல. இந்த இழைய நான் படிச்சு சொன்னேன், "அப்ப எனக்கு முக்கியமான வார்த்தை எல்லாம் எழுதி குடு"ங்குறா. முதல் வாரத்துக்கு எதெல்லாம் வேணும்னு சொல்லுங்களேன்.

கணக்கு_டீச்சர்:

அண்ணே, முதல்ல "ஒன்னுக்கு", "ரெண்டுக்கு". இது புரியாம எத்தனை புள்ளைங்க டிரவுசரை நனைச்சுட்டு அடுத்த நாள்ல இருந்து ஸ்கூல் வேண்டாம்னு அழுதிருக்குன்னு எனக்கு தெரியும். அப்புறம் தண்ணி, பசிக்குது, வயிறு வலிக்குது, அவன் அடிச்சுட்டான். "அம்மா எப்ப வருவாங்க"ன்னு கேட்டா பதில் சொல்ல "வருவாங்க, சாப்பிட்டதும் வருவாங்க". புள்ளைங்க அவங்களை அக்கான்னு கூப்பிட்டாலும் கூப்பிடும், மரியாதை இல்லாம இல்லன்னு சொல்லி வைங்க.

செம்பூர்_இட்லி:

வா போன்னு அதட்டாம "வா கண்ணு", "உக்காரு சாமி"ன்னு சொல்ல சொல்லுங்க. விழுப்புரம் பக்கத்து புள்ளைங்களுக்கு அது வீட்ல கேட்ட குரலா இருக்கும்.

தாராவி_90அடி:

எழுதி குடுத்தா உச்சரிப்பு வராது அண்ணே. நீங்களே போன்ல வாய்ஸா பதிஞ்சு குடுங்க, ஒவ்வொரு வார்த்தையும் ரெண்டு தடவை, மெதுவா. முடிஞ்சா அந்த புள்ளைங்க அம்மாவை ஒரு நாள் காலைல அஞ்சு நிமிஷம் நிக்க சொல்லி அவங்க குரல்லயே பதிஞ்சுக்க சொல்லுங்க, வேலைக்கு போற அவசரம்னா நைட்டு நீங்களே அவங்க இடத்துக்கு ஒரு எட்டு போய் வந்துடுங்க, சைட்டு எங்கன்னு சொன்னா எங்க பசங்க அந்த பக்கம் ரெண்டு பேர் இருக்காங்க, கூட அனுப்பி வைக்கிறேன்.

வாஷி_டிரைவர்:

மான்கூர்ட் தாண்டி பாலத்துக்கு கீழ அண்ணே. ஞாயித்துக்கிழமை வண்டி லீவு, வர சொல்லுங்க.